ஆட்காட்டி கத்தாத இடம்

ஒரு காட்டில் ஓர் ஆட்காட்டிப் பறவை இருந்தது. காடு என்றதும் புலியும் யானையும் உலவும் காடு என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே, மணலில் நின்ற சிறிய சவுக்குக் காடு அது.

அந்தக் கரையில் எது நடந்தாலும் ஆட்காட்டிக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால், அதை ஊருக்குச் சொல்லியாக வேண்டும். விடிந்ததும் மணல்மேட்டில் ஏறி நின்று கத்தத் தொடங்கிவிடும்.

"கீக்! கீக்! படகில் சூடை மீன் வந்திருக்கிறது! கொக்கு மாமா, கிளம்புங்கள்! வலை காயும் இடத்தில் நாய் படுத்திருக்கிறது! அணில் தம்பி, அந்தப் பக்கம் தலைகாட்டாதே!"

"இவள் வாயை மூடினால் நமக்குப் பொழுது விடிந்ததே தெரியாது" என்று கொக்கு சிரிக்கும்.

ஒரு நாள் ஆட்காட்டி தன் வீட்டுச் செய்தியையே சொன்னது.

"கீக்! கீக்! நான் முட்டை இட்டிருக்கிறேன்! நான்கு முட்டை! இடத்தை மட்டும் சொல்ல மாட்டேன்!"

சொல்லாவிட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறும் மணலில் ஒரு சிறு பள்ளம். அதில் கூழாங்கல் நிறத்தில், புள்ளி போட்ட நான்கு முட்டைகள். அருகில் நின்று பார்த்தாலும் கல் என்றே தோன்றும். ஆனால் சவுக்கு மரத்தின் பின்னால் படுத்திருந்த நரி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டது.

மறுநாள் நரி வந்தது. கடலோரத்திலிருந்து கழிவரை நேராக நடந்தது. பிறகு சற்றுத் தள்ளி, கழியிலிருந்து கடல்வரை திரும்ப நடந்தது. தரையை மோப்பம் பிடிக்கவில்லை. கண்களைப் பாதி மூடிக்கொண்டு, காதுகளை மட்டும் நிமிர்த்தி வைத்திருந்தது.

இது என்ன வேடிக்கை என்று ஆட்காட்டிக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. நரியின் தலைக்கு மேலே கத்திக்கொண்டே பறந்தது.

"என்ன தங்கச்சி, இன்று என்ன செய்தி?" என்று நரி கேட்டது.

"நீதான் செய்தி! எதற்கு இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறாய்?"

"மூட்டு வலி. மணலில் நடந்தால் நல்லதாம்."

"கண்ணை மூடிக்கொண்டா?"

"உன் குரலைக் கேட்டுக்கொண்டு நடக்கிறேன். எவ்வளவு இனிமை!"

ஆட்காட்டியின் குரலை அதுவரை யாரும் இனிமை என்று சொன்னதில்லை. அடுத்த நாள் காலையில் கரை முழுவதும் அதுதான் பேச்சு. "நரிக்கு மூட்டு வலி! நரிக்கு என் குரல் பிடித்திருக்கிறது!"

"அவனுக்குக் கோளாறு மூட்டில் இல்லை, காதில்" என்றது கொக்கு.

நரி அன்றும் வந்தது. மறுநாளும் வந்தது. ஆட்காட்டி மேலிருந்து பார்த்தபோது மணலில் காலடித் தடங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. ஒவ்வொரு நாளும் கோடு முட்டைகளை நோக்கி நகர்ந்திருந்தது. ஆட்காட்டிக்குப் புரிந்துவிட்டது. முட்டைகளைத்தான் தேடுகிறான். ஆனால் இடம் எப்படித் தெரிகிறது அவனுக்கு?

முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு நண்டு வளை இருந்தது. கூச்சம் பிடித்த நண்டு. கண்கள் இரண்டையும் மட்டும் வெளியே நீட்டிப் பேசும்.

"நண்டுத் தம்பி, என் இடத்தை அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?"

"நீதான் சொல்கிறாய், அக்கா."

"நானா!"

"கோபிக்காதே. வளைக்குள் இருந்தால் எனக்கு நரி தெரியாது. உன் குரல்தான் கேட்கும். அதை வைத்தே அவன் எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிடுவேன். கடலோரம் நடந்தால் சும்மா கத்துகிறாய். இந்தப் பக்கம் திரும்பினாலோ தொண்டை கிழியக் கத்துகிறாய். எனக்கே தெரிகிறது. அவ்வளவு பெரிய காது வைத்திருப்பவனுக்குத் தெரியாதா?"

ஆட்காட்டி மணலில் இருந்த காலடிக் கோடுகளைத் திரும்பிப் பார்த்தது. "நாளைக்கு நான் வாயே திறக்க மாட்டேன்" என்றது.

"உன்னால் முடியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நண்டு உள்ளே போய்விட்டது.

மறுநாள் ஆட்காட்டி முட்டைகளை விட்டு விலகி, கழியோரமாகப் போய் நின்றது. நரி முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து நடக்கத் தொடங்கியது. முட்டைகளை நோக்கி வந்தது. இன்னும் நெருங்கியது. அதன் காலடியில் ஏதோ நொறுங்கியது.

முட்டையோ!

ஆட்காட்டிக்குத் தொண்டை வரை கத்தல் வந்துவிட்டது. அலகை மணலுக்குள் குத்தி அதை அடக்கியது. நரி காலைத் தூக்கியபோது அடியில் ஒரு கிளிஞ்சல் உடைந்து கிடந்தது.

"ஏன் தங்கச்சி, செய்தி ஒன்றும் இல்லையா?"

"இன்று ஒன்றும் விசேஷமில்லை, அண்ணா."

நரி காதைச் சாய்த்து யோசித்தது. இங்கே இல்லை போலும் என்று எண்ணி, கழிப்பக்கம் நான்கு எட்டு வைத்தது.

"கீக்!" என்றது ஆட்காட்டி.

நரியின் காது நிமிர்ந்தது. இன்னும் நான்கு எட்டு.

"கீக்! கீக்! இங்கே வராதே!"

நரி வேகமாக நடந்தது. ஆட்காட்டி அதன் தலையை உரசிக்கொண்டு பறந்தது. "ஐயோ, என் பிள்ளைகள்! போகாதே! போகாதே!" என்று அலறியபடி, கழியோரத்தில் சாம்பல் நிறமாகக் காய்ந்து கிடந்த தரையில் இறங்கிச் சிறகடித்தது.

நரி ஒரே தாவாகத் தாவியது.

காய்ந்திருந்தது மேல் ஏடு மட்டும்தான். அடியில் இருந்ததெல்லாம் உளைச் சேறு. பறவையின் மெல்லிய காலைத் தாங்கிய தரை நரியைத் தாங்கவில்லை. வயிறு வரை புதைந்துபோய் நரி ஊளையிட்டது.

"ஊரில் உள்ள செய்தியெல்லாம் சொல்வாயே! இங்கே சேறு என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மூட்டு வலிக்குச் சேறும் நல்லதுதான், அண்ணா" என்றது ஆட்காட்டி.

உருண்டு புரண்டு நரி கரையேறுவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. சேறு அப்பிய வாலை இழுத்துக்கொண்டு போன நரி, பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் எல்லோரும் மணல்மேட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"நேற்று நரி அலங்கோலமாக ஓடினானே, என்ன நடந்தது?" என்று அணில் துள்ளியது.

"உன் முட்டைகள் பொரிந்துவிட்டனவா? குஞ்சுகள் எங்கே?" என்று கொக்கு கேட்டது.

அன்று விடியற்காலையில்தான் முதல் ஓடு உடைந்து, ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்திருந்தது. அதைவிடப் பெரிய செய்தி அந்தக் கரையில் அதுவரை நடந்ததில்லை. ஆட்காட்டி சொல்ல வாயைத் திறந்தது. அப்போது கொக்கின் நீண்ட அலகு அதன் கண்ணில் பட்டது.

"இன்று ஒன்றும் விசேஷமில்லை, மாமா" என்றது.

நீதி: எவ்வளவு நல்ல செய்தியானாலும், கேட்பவர் யார் என்று பார்த்த பிறகே வாயைத் திற.