கதவைச் சாத்தியவர்

ஆற்றங்கரை மடத்துக்குப் பூக்கட்டிக் கொடுப்பவள் செங்கமலம். மடத்தின் காரியஸ்தர் வேலப்பர் களஞ்சிய அறையில் தன்னைப் பலவந்தம் செய்ததாக ஊர்ச்சபையில் முறையிட்டாள்.  நடந்தது எதையும் விடாமல் சொன்னாள்.

மடத்தின் சார்பில் அறவாழி போயிருந்தான். நடுவயதுக்காரன், நிதானமானவன் என்று பெயரெடுத்த சீடன். திரும்பி வந்ததும் குரு நல்லமங்கை அம்மையைப் பார்க்கப் போனான். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சபையில் என்ன பேசினார்கள்?"

"அவள் கெட்டுப்போய்விட்டாள் என்றார்கள், அம்மா. தனியாக அங்கே ஏன் போனாள், இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டார்கள். பாவம், புருஷனை இழந்தவள், மனசு பேதலித்திருக்கும் என்று ஒருவர் இரக்கப்பட்டார்."

"வேலப்பரை என்ன கேட்டார்கள்?"

அறவாழி யோசித்துப் பார்த்தான். "ஒன்றும் கேட்கவில்லை."

"நீ?"

"நடக்கக் கூடாதது நடந்துவிட்டது, இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றேன். யார் பக்கமும் சாயவில்லை." அதைச் சொல்லும்போது அவனுக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

"அவள் சொன்னதை எனக்குச் சொல். ஒவ்வொரு முறையும் வேலப்பர் என்று தொடங்கு."

"வேலப்பர்..." மறுபடியும் தொடங்கினான். "வேலப்பர் அவளைக் களஞ்சியத்துக்கு வரச்சொல்லி ஆள் விட்டார். வேலப்பர் கதவைச் சாத்தினார். வேலப்பர் அவள் வாயைப் பொத்தினார். வேலப்பர்..." நிறுத்தினான்.  "அம்மா, இப்படிச் சொன்னால் அவர்தான் குற்றவாளி என்று ஆகிவிடுமே!"

"சபையில் நீங்கள் எல்லாரும் சொன்னபடி பார்த்தால், குற்றவாளி யார்?"

மறுநாள் சபை மீண்டும் கூடியது. அறவாழி எழுந்து, வேலப்பர் என்று தொடங்கி முழுவதையும் சொன்னான்.

"அவள் ஏன் அங்கே போனாள்?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"வேலப்பர் ஏன் கதவைச் சாத்தினார்?" என்று திருப்பிக் கேட்டான் அறவாழி.

சபை அப்போதுதான் வேலப்பரைத் திரும்பிப் பார்த்தது.  பொழுது சாய்வதற்குள், சபை சொல்லியனுப்ப, காவலர் வந்து அவரை அழைத்துப் போனார்கள். செங்கமலம் யாருடனும் பேசாமல் வீட்டுக்கு நடந்தாள். அதன்பின் மடத்துப் பக்கமே அவள் வரவில்லை.

முதல் நாள் சபையில் தான் சொன்னது அறவாழியை உறுத்திக்கொண்டே இருந்தது. சில நாள் பொறுத்து அம்மையிடம் வந்தான்.

"அம்மா, அவள் வாசலில் போய் நிற்கலாமென்று இருக்கிறேன். மன்னித்தேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"அவளிடம் கேட்டு வாங்க உனக்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"