உள்ளபடியே அழுத்துங்கள்

அன்று அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சாலைப் பிரிவு அதிகாரி. தட்டச்சுப் பள்ளி நடத்தும் தெய்வானை டீச்சர். அவரிடம் இரண்டு மாதமாகப் படிக்கும் அருளப்பன். இவர் டீச்சரைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர், ஓய்வுபெற்ற கண்டக்டர். கோப்பு எடுத்துக் கொடுக்க நான்.

மேசையில் முப்பத்தேழு தாள்கள். புதுச் சாலை இடுகாட்டின் வழியே போகக் கூடாது என்று ஊரார் கையால் எழுதிக் கொடுத்த மனுக்களின் அச்சுப்படி. அருளப்பன்தான் அவற்றைக் கணினியில் அடித்து அனுப்பியிருந்தார். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்ற மறந்துவிட்டார். வந்து சேர்ந்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"திரையைப் பார்க்கலையாய்யா?" என்றார் அதிகாரி.

"அடிக்கும்போது கையெழுத்துத் தாளை மட்டும்தான் பார்க்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

அதிகாரி சிரித்தார். "நல்ல சிஷ்யன். எந்த பாஷைன்னே தெரியலை. தள்ளுபடி."

அருளப்பன் டீச்சர் பக்கம் திரும்பினார். "திருப்பி அடிச்சுக் கொடுத்துரலாமா டீச்சர்? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்."

"நேத்தோட கெடு முடிஞ்சுது. புதுசா எதையும் வாங்க மாட்டேன்," என்றார் அதிகாரி.

"புதுசா தரவும் மாட்டோம்," என்றார் டீச்சர். "நேத்து வந்து சேர்ந்தது இதுதானே சார்? இதையே படிங்க."

"எப்படிம்மா படிக்க?"

டீச்சர் அதிகாரியின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். தமிழுக்கு மாற்றினார். திருப்பி அவர் முன்னால் வைத்தார். முதல் தாளைப் பக்கத்தில் வைத்தார்.

"தாள்ல இருக்கிற இங்கிலீஷ் எழுத்தை உள்ளபடியே அழுத்துங்க. அதே விசைதான், இப்போ தமிழா வரும்."

"நானா?"

"நான் அழுத்தினா நான் எழுதினதுன்னு சொல்லுவீங்க."

அதிகாரி ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினார். ஏழு நிமிடம் ஆனது. திரையில் தமிழ் வந்தது.

'என் மகள் பூங்கோதை. நாலு வயது. உடைமரத்துக்கு வடக்கே மூணாவது மேடு. அவள் மேலே ரோடு போட விடமாட்டேன்.'

அவர் விரல் கடைசி விசையிலேயே இருந்தது.

"சரி. தமிழ்தான்," என்றார் பிறகு. "மத்ததும் இதே மாதிரிதானே இருக்கும்? 'மேற்படி'ன்னு போட்டு எல்லாத்தையும் சேர்த்துக்கிறேன்."

அருளப்பன் எழுந்து கும்பிட்டார். டீச்சர் எழவில்லை.

"வாங்க டீச்சர். அவரே சேர்த்துக்கிறேங்கிறாரே. இன்னும் என்ன வேணும்?"

டீச்சர் அடுத்த தாளை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி. பூங்கோதை ஒருத்திதான் வந்திருக்கா. இன்னும் முப்பத்தாறு பேர்."