நான்காவது பலகை

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் ஒரே ஒரு துறைமுகம். அரபு நாட்டு ஊர்தான். ஆனாலும் துறைமுகத்துக்கு எதிரே மொழிபெயர்ப்புக் கடை வைத்திருந்தவர் கீழக்கரை ஜுலைகா.

மீராசா அவரிடம் தொழில் கற்றார். ஜுலைகாவைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தும் அவரை ஆசிரியர் என்ற பொருளில் 'உஸ்தாத்' என்பார். ஜுலைகாவோ இவரை அண்ணன் என்ற பொருளில் 'காக்கா' என்பார்.

"உஸ்தாத், ஒரு சொல் அகப்படமாட்டேங்குது."

"எந்தச் சொல்?"

"டிடீரியரேட். கப்பலைச் சோதிச்ச இன்ஜினியர் இங்கிலீஷ்ல எழுதியிருக்கார். அடிப்பலகை கொஞ்சங்கொஞ்சமா கெட்டுக்கிட்டு வருதாம். நாகுதாவுக்கு அரபியில சொல்லணும்."

நாகுதா என்றால் மரக்கப்பலின் தலைவர். பெயர் ஹம்தான். மறுநாள் சரக்கோடு புறப்பட இருந்தார். கப்பலில் அவருடைய மகனும் வேலை செய்தான்.

"சொல்லிப் பார்த்தீங்களா காக்கா?"

"பார்த்தேன். வாடுதுன்னேன். என் கப்பல் என்ன மல்லிகைச் செடியாங்கிறார்."

"சரி."

"வத்துதுன்னேன். கடல் வத்தும்போது சொல்ற சொல். சாயங்காலம் திரும்ப ஏறிடும்ங்கிறார்."

ஜுலைகா சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க. தேயுதுன்னேன், பிறையைச் சொல்றது. அப்ப தானா வளர்ந்துடும், நீ போய்ச் சாப்பிடுன்னுட்டார்."

"அதோட விட்டீங்களா?"

"இல்லை. கோபத்துல, இத்துப்போச்சுன்னேன். இத்துப்போன கப்பல்லயா போன மாசம் கரை சேர்ந்தேன்னு கேட்டார். கப்பல் மிதக்கத்தான் செய்யுது."

ஜுலைகா அகராதியைத் தொடவில்லை. எழுந்து கடையைப் பூட்டினார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்.

கப்பலின் அடியில், மூட்டைகளுக்கு இடையே குனிந்து போனார்கள்.

ஜுலைகா ஒரு பலகையில் சாவியைக் குத்தினார். இறங்கவில்லை.

அடுத்த பலகை. நுனி இறங்கியது.

அதற்கடுத்தது. பாதி.

"இதை மொழிபெயருங்க காக்கா."

அதற்குள் மேலே காலடிச் சத்தம். ஹம்தான் இறங்கி வந்தார்.

"யார் என் கப்பலைக் குத்துறது? மறுபடியும் நீயா? இன்னைக்கு என்ன சொல் கொண்டு வந்திருக்கே?"

மீராசா ஜுலைகாவிடமிருந்து சாவியை வாங்கி ஹம்தானிடம் நீட்டினார்.

ஹம்தான் முதல் பலகையில் ஓங்கிக் குத்தினார்.

"பார்த்தியா? தேக்கு."

இரண்டாவது.

"பழைய மரம். அப்படித்தான் இருக்கும்."

மூன்றாவதில் பாதி இறங்கிய சாவியை இழுத்து எடுத்தார்.

நான்காவது பலகையை அவரே தேடிக்கொண்டு போனார். குத்தவில்லை, சும்மா அழுத்தினார். சாவி வளையம்வரை போய் நின்றது.

அங்கேயே குந்தினார்.

"இந்த இடத்துலதான் என் மகன் பாய் விரிச்சுப் படுப்பான்," என்றார்.

பிறகு மெதுவாக ஏணியேறிப் போனார். மூட்டைகளை இறக்கச் சொல்லும் அவர் குரல் மேலே கேட்டது.

"கடையைத் திறக்கணும், சாவியை எடுத்துட்டு வாங்க," என்று ஜுலைகாவும் போய்விட்டார்.

மீராசா சாவியை உருவினார். ஈரமாக இருந்தது.

இன்ஜினியர் அறிக்கையின் அரபி மொழிபெயர்ப்பில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பேனாவைத் தேடவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கரையேறி நடந்தார்.