முதலில் ஆடியது எது?

எங்கள் லாரித் தொழிலாளர் சங்கத்துக்கு இருந்த ஒரே பழைய லாரி செய்த துரோகங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, நேராகப் போகச் சொன்னால் புளியமரத்துக்குப் போனது. இரண்டாவது, மேதின ஊர்வலத்தில் எங்கள் கொடியோடு முதலாளிகள் சங்கத்தின் விருந்துப் பந்தலுக்குள் நுழைந்தது. மூன்றாவது, எங்கள் ஆட்கள் அங்கே இரண்டாம் பந்தி வரை இருந்து சாப்பிட்டார்கள். முதல் இரண்டை மன்னித்துவிட்டேன்.

மேதினம் கழிந்து ஒரு நாள், மூன்று மணிக்கு லாரிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை. தேறாவிட்டால் லாரி காயலான் கடைக்கு, ஓட்டுநர் நல்லண்ணன் வீட்டுக்கு. மெக்கானிக் காதர் பாட்சா வேறொரு லாரியோடு தொப்பூர்க் கணவாயில் மாட்டிக்கொண்டு, போனிலேயே வைத்தியம் சொன்னார்.

"முதல்ல முன் சக்கரத்துல காத்து இருக்கான்னு பாருங்க."

தலைவர் அர்த்தனாரி வால்வைத் திறந்து கடைசி வரை பார்த்தார். "இருந்ததுங்க," என்றார். செயலாளர் செங்கோடன் அதை நோட்டில் பதிந்தார். திரும்பக் காற்றடிக்க ஒரு மணி நேரம் போயிற்று.

"ஸ்டீரிங் எத்தனை விரற்கடை சும்மா சுத்துதுன்னு அளங்க."

"யாரு விரலுங்க?"

"யாருதா இருந்தா என்னய்யா?"

"அப்படி விட முடியாதுங்க. நாளைக்குக் கிளைக் கூட்டத்துல கேள்வி வரும்."

எல்லா விரலும் சமம் என்று தீர்மானம் நிறைவேறியது. ஆகவே வந்திருந்த பதினோரு பேரும் ஆளுக்கொரு விரலை வைத்தார்கள். "பதினோரு விரலுங்க," என்று செய்தி போனது. காதர் பாட்சா அடுத்த வைத்தியத்துக்குப் போனார்.

"சரி, ஏதோ மூட்டு தேஞ்சிருக்கு. ஒருத்தர் மேல உக்காந்து ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டுங்க. ஒருத்தர் கீழ படுத்துப் பாருங்க. எது முதல்ல தனியா ஆடுதோ, அதுதான் கோளாறு. பேரைச் சொல்லுங்க, புதுசு வாங்கிட்டு ரெண்டு மணிக்கு வந்துடறேன்."

தலைவர் ஏறி ஆட்டினார். நல்லண்ணன் கீழே படுத்தார். தனி ஆள் விசாரணை செல்லாது என்பதால் இரண்டு சாட்சிகளும் கூடப் படுத்தார்கள்.

"சக்கரத்தைத் திருப்புற கம்பியோட முனை லொட லொடன்னு ஆடுதுங்க!" என்றார் நல்லண்ணன்.

"அவசரப்படாதீங்க," என்றார் செங்கோடன். "அதுக்கு முன்னாடி எது ஆடுச்சு?"

"ஸ்டீரிங்குங்க."

"அதுக்கும் முன்னாடி?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தலைவர் கைங்க," என்றார் ஒரு சாட்சி.

"கை தனியா ஆடுமா? ஆளுதான் ஆடினாரு," என்றார் இன்னொருவர்.

அர்த்தனாரி ஆட்டுவதை நிறுத்தினார். கம்பியும் நின்றது. ஸ்டீரிங்கும் நின்றது. இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? அவர் கீழே இறங்கித் தோள் துண்டைச் சரிசெய்தார்.

"நல்லண்ணன் பொழப்புதான் பெருசுங்க. உள்ளதை எழுதுங்க."

சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். மூன்றாவது சாட்சியாக அர்த்தனாரியும் போட்டார். செங்கோடன் பம்பர் மேல் ஏறி நின்று, போனை வாயருகே பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டிய சாமான், ஒன்று. பெயர், அர்த்தனாரி."