மீசை சொன்ன கணக்கு

ஒரு காட்டுக் குளத்தங்கரைக்குக் கழுதை ஒன்று வந்து சேர்ந்தது. பெயர் சொக்கன். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போன சர்க்கஸ்காரர்கள் அதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சர்க்கஸில் சொக்கனுக்குக் கணக்குப்புலி என்று பட்டம். "மூணும் ரெண்டும் எத்தனை?" என்று மாஸ்டர் கேட்பார். சொக்கன் அவர் முகத்தைப் பார்த்தபடி குளம்பால் தரையைத் தட்டும். ஐந்தாவது தட்டில் மாஸ்டரின் மீசை லேசாகத் துடிக்கும். சொக்கன் நிறுத்திவிடும். கைதட்டல் கூடாரத்தைப் பிளக்கும், கேரட் கிடைக்கும். கணக்கு என்றால் இதுதான் என்று சொக்கன் மனதார நம்பியது.

காட்டிலும் வித்தை பலித்தது. முயலுக்கு எத்தனை காது, மயிலுக்கு எத்தனை கால் என்று கேட்டார்கள். சரியான எண் வந்ததும் கேட்டவர் முகம் மலரும், சொக்கன் நிறுத்தும். "படிச்ச கழுதை" என்று காடே மெச்சியது. சொக்கனுக்குத் தலைகால் புரியவில்லை.

கோடை வந்தது. குளத்தோரப் புதரில் செந்நாய்கள் பதுங்குவதாகப் பேச்சு அடிபட்டது. மருதி என்ற பெண்மான், தாகத்தில் துவண்ட குட்டியோடு வந்தது.

"அண்ணே, புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அந்தப் புதர்ல எத்தனை செந்நாய் இருக்கு? ஒண்ணும் இல்லைன்னு நீ சொன்னா தண்ணிக்கு இறங்கிடறேன்."

"ப்பூ, இவ்வளவுதானா!"

சொக்கன் காலைத் தூக்கியது. வழக்கம்போல் மருதியின் முகத்தைப் பார்த்தது. குளம்பு தரையைத் தொடும் முன்பே அந்த முகம் ஆசையில் மலர்ந்துவிட்டது. சொக்கன் தூக்கிய காலைக் கீழே வைக்காமலே நின்றது.

"ஒண்ணுகூட இல்லையா! நீ நல்லாயிருக்கணும் அண்ணே."

குட்டி தண்ணீரில் வாய் வைத்ததுதான் தாமதம், செந்நாய்கள் பாய்ந்து வந்தன. குட்டியின் அலறலைக் கேட்டுச் சொக்கனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பின்னங்கால்களால் விட்டது ஓர் உதை. குட்டி தப்பியது. சொக்கனின் வாலில் பாதி தப்பவில்லை.

மேட்டில் ஏறி மூச்சு வாங்கியபடி சொக்கன் சொன்னது: "தங்கச்சி, எனக்குக் கணக்கே தெரியாது போலிருக்கு. நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன்."

"நான் உன் காலைப் பார்த்தேன்," என்றது மருதி. "புதரை யாரண்ணே பார்த்தது?"

சொக்கனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அடக் கடவுளே, கணக்கு தெரிஞ்சது மாஸ்டர் மீசைக்கு! பட்டம் மட்டும் எனக்கு."

அன்றிலிருந்து யாராவது கணக்குக் கேட்டால், சொக்கன் பாதி வாலை ஆட்டிக் காட்டும். "நீயே போய்ப் பார்த்து எண்ணிக்கோ" என்று சொல்லும்.

கேட்பவரின் முகம் பார்த்துச் சொல்லும் பதில் அவருக்கு இனிக்குமே தவிர, அவரைக் காப்பாற்றாது.