பூஜையில உக்காந்த ஜெனரேட்டர்

ஒரு ஊர்ல ஒரு குஞ்சு பொரிக்கிற பட்டறை இருந்துச்சு, சாமி. அடைக்கோழி உக்கார்றதுக்குப் பதிலா அங்க ஒரு பெரிய பெட்டி. உள்ள தட்டுத்தட்டா முட்டை. இளஞ்சூடு இருக்கும், காத்தாடி விர்ர்ருனு சுத்தும். அந்தக் காத்தாடி நின்னா, முட்டைக்குள்ள இருக்கற குஞ்சுக்கு மூச்சு முட்டிப்போவும். ம் கொட்டு. ம், அப்படித்தான்.

பட்டறைக்காரி பேரு பூவாத்தா. கூடமாட வேலை செய்யறவ அவ தம்பி சம்சாரம் பாவாயி. பூவாத்தா முன்யோசனைக்காரி. கரண்ட்டு போனா என்ன பண்றதுன்னு யோசிச்சு, ஒரு ஜெனரேட்டர் வாங்கி வெச்சிருந்தா. பேரல் நெறைய டீசலும் வாங்கி வெச்சிருந்தா. ஆனா ஒரு நாளும் அதை ஓட்டிப் பாத்ததில்ல. டீசல் வீணாப் போயிருமாம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. பூவாத்தா பைப்பைப் புடிச்சு சளசளசளன்னு தண்ணி அடிச்சு ஜெனரேட்டரைக் கழுவுனா. சந்தனம் வெச்சா, குங்குமம் வெச்சா, மாலை போட்டா. பூஜையில வெச்ச சாமானை மறுநா காலைல மறுபூஜை போட்டுத்தானே தொடணும்? அதனால அதும்மேல ஒரு பட்டுத்துணியையும் போத்திட்டா.

அப்போ பாவாயி நாத்தனாகிட்ட கேட்டா, "ஏனுங்க நங்கை, பெட்டியில இருக்கறது எல்லாம் நாளைக்குப் பொரியற முட்டை. இன்னிக்குக் கரண்ட்டு போச்சுன்னா?"

"ஒரு நாளைக்கு சாமி பாத்துக்கும் புள்ள."

"சாமி பாக்கறது இருக்கட்டுமுங்க. காத்தாடியை யாரு சுத்தறது?"

"வாயைப் பாரு வாயை. போய் பொரி கடலையைக் கலக்கு."

சாயங்காலம் ஆச்சு. மழை சோன்னு புடிச்சுது. தெருமூலையில இருந்த ட்ரான்ஸ்பார்மர் டமார்னு வெடிச்சுது. பெட்டிக்குள்ள காத்தாடி விர்ர்... வி...ர்... நின்னுபோச்சு. கரண்ட்டு ஆபீசுக்குப் போன் போட்டா, நாளைக்குத்தான் ஆவும்னுட்டாங்க.

பூவாத்தா ஜெனரேட்டர்கிட்ட ஓடுனா. கையை நீட்டுனா. மாலையைப் பாத்தா. கையை இழுத்துக்கிட்டா.

"மறுபூஜை ஆவலியே புள்ள."

"நங்கை, இது நல்லா ஓடணும்னுதானே கும்பிட்டீங்க? ஓட்டுனா சாமி கோவிச்சுக்குமா?"

பூவாத்தா கன்னத்துல போட்டுக்கிட்டு, துணியை எடுத்துட்டு, முடுக்குனா. டுக்கு டுக்கு டுக்குன்னுச்சு. காத்தாடி சுத்துச்சு. ரெண்டு பேருக்கும் உசுரு வந்துச்சு. அப்புறம் டுக்கு... டுக்... டொப். அவ்வளவுதான், அடங்கிப்போச்சு.

ஏன்? கழுவுறப்ப டீசல் மூடி சரியா மூடல. தண்ணி உள்ள போயிருச்சு. தூங்கிட்டியா? ம். கேளு.

அப்புறம் மெக்கானிக் சென்னியப்பனுக்குப் போன் போட்டா. அவன் சொன்னான், "அக்கா, ஸ்பேனரெல்லாம் பூஜையில இருக்குதுங்க. காலைல சூடம் காட்டிட்டு மொத ஆளா வந்தர்றேன்."

பூவாத்தா கெஞ்சல. பெட்டிக் கதவைத் தெறந்தா, போனை முட்டைத்தட்டுக்குப் பக்கத்துல வெச்சா. ஓட்டுக்குள்ள இருந்து சின்னச்சின்னச் சத்தம். கிச்... கிச்... கிச்...

"கேட்டுதாப்பா? காலைல இது கேக்காது."

போனு கட் ஆயிருச்சு. வருவானா, வரமாட்டானா, தெரியாது.

அப்போ பாவாயி ரெண்டு முறத்தை எடுத்தாந்தா. "இதுக்கு யாரும் பொட்டு வெக்கல, வீசுங்க நங்கை." ரெண்டு பேரும் நின்னு வீசுனாங்க, விசுக் விசுக் விசுக். கீழ்த்தட்டுக்குக் காத்துப் போச்சு. மேல்தட்டுக்குக் கை எட்டல. தோள்பட்டை கழண்டு விழற மாதிரி வலி. வீச வீச, மேல்தட்டுல சத்தம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கிச்... அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. பூவாத்தா அழுதுக்கிட்டே வீசுனா. கையை மட்டும் நிறுத்தல.

அப்போ வாசல்ல டர்ர்ருன்னு வண்டிச் சத்தம். சொட்டச்சொட்ட நனைஞ்சுக்கிட்டு சென்னியப்பன் வந்து நின்னான். "அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு சோறு எறங்கலக்கா"ன்னான். தண்ணி கலந்த டீசலைப் பூரா எறக்குனான், பேரல்ல இருந்து நல்ல டீசல் ஊத்துனான், முடுக்குனான். டுக்கு டுக்கு டுக்கு டுக்கு. நிக்கல சாமி, ஓடுச்சு.

விடிஞ்சுது. கீழ்த்தட்டு முட்டையெல்லாம் டக் டக்குன்னு வெடிச்சுது, மஞ்சமஞ்சேர்னு குஞ்சு எந்திரிச்சு நின்னுச்சு. மேல்தட்டுல ஒண்ணுகூட அசையல.

"விடுங்க நங்கை, பாதி பொழைச்சுதல்ல"ன்னா பாவாயி.

"பொழைச்சது உன்னாலயும் அவனாலயும் புள்ள. செத்தது என்னால"ன்னா பூவாத்தா. மேல்தட்டைத் தானே தூக்கிட்டுப் போய், கொல்லையில குழி தோண்டி முட்டையைப் பொதைச்சா. கையைக் கழுவிட்டு வந்து சொன்னா, "இனி வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை நீ ஒருவாட்டி ஜெனரேட்டரை முடுக்கு, நான் ஒருவாட்டி முடுக்கறேன். நான் ஊர்ல இல்லாட்டியும் அது ஓடணும். ஆயுத பூஜையன்னிக்கு அது ஓடிக்கிட்டே சூடம் வாங்கிக்கட்டும்."

அதுதான் சாமி. நல்ல நாள் பாத்து ஆபத்து ஒதுங்கிப் போவாது. வாங்கி வெச்சுட்டா கையில இருக்கற மாதிரிதான் தெரியும். ஓட்டிப் பாத்ததுதான் நெசமாவே கையில இருக்கறது. நம்மளை நம்பி ஒரு உசுரு உள்ள இருக்குதுன்னா, மழை அடிக்காத நாள்லயே நாம எந்திரிச்சுப் பாத்துக்கணும்.

ம் சத்தத்தையே காணோம். சரி, கதை கண்ணை மூடிக்கிச்சு. நீயும் மூடிக்க, சாமி.