செக்கர் ஒட்டிய வீடு

"திருடன் வெளியே இருந்து வரலை. இந்தப் பந்தியிலதான் உட்கார்ந்திருக்கான்" என்றார் தணிகாசலம்.

கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை. எசக்கி மட்டும் விரலில் இருந்த ஊறுகாயை நக்கிவிட்டுக் கேட்டான்.

"என்ன போச்சு, அண்ணாச்சி?"

"சவரியம்மா வீட்டுப் புகைக்கூண்டு."

"அடப் பாவமே. இனிமே புகையை எங்கே விடுவாங்களாம்?"

சவரியம்மா சிரிக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டியில் மிச்சமிருந்த கஞ்சியை வழித்துத் தணிகாசலத்தின் தட்டில் ஊற்றினாள். தப்பு செய்தவர்கள்தான் திடீரென்று அன்பாக இருப்பார்கள். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் பார்த்தவருக்கு இது தெரியாதா?

புகைக்கூண்டு என்றால் சுண்டுவிரல் நகம் அளவு. சவரியம்மாவின் வீடே ஒரு சாண்தான். எல்லாம் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டை, ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் கடித்துக்கொள்ளுமே, அது. வேம்பு டீச்சர் வேலை பார்த்த பால்வாடியை மூடியபோது இரண்டு சாக்கு கட்டை அவளோடு மலையடிவாரத்துக்கு வந்தது. பழைய கோழிப் பண்ணைக் கொட்டகை ஒன்றில் அவள் குடியேறினாள். மனசு சரியில்லாதவர்கள் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு அவள் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வீடு கட்டச் சொன்னாள். பதினாலு வருஷத்தில் இரண்டு கதவுப் பலகைகளைச் சேர்த்துப் போட்ட மேடையில் ஒரு குட்டிக் கிராமமே வந்துவிட்டது. தெரு, கோயில், பள்ளிவாசல், மாதா கெபி, லாரி ஷெட், முப்பத்தாறு வீடு. குணமாகிப் போனவர்களின் வீடுகளும் அங்கேயே நின்றன.

முப்பத்தேழாவது தணிகாசலத்தின் வீடு.

அவர் வந்து நாற்பது நாள் ஆகிறது. வந்த கதையும் பெரிதில்லை. செத்துப்போன மனைவியின் வளையல் ஒன்று காணாமல் போனது. மருமகள் இந்திராணிதான் எடுத்தாள் என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. அவளுடைய அண்ணன் வந்திருந்த அன்றைக்குப் பார்த்து அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவள் திறந்தாள். ஒவ்வொரு துணியாக உதறிக் காட்டினாள். மறுநாள் மகன் பொன்ராசு பெண்டாட்டி பிள்ளையோடு வேறு வீடு போனான். மூன்று வாரம் கழித்து வளையல் கிடைத்தது. தணிகாசலத்தின் பழைய தோல் பையில், அவரே பழைய சாக்ஸுக்குள் சுற்றி வைத்த இடத்தில். மன்னிப்புக் கேட்கப் போனபோது பொன்ராசு கதவைப் பாதிதான் திறந்தான்.

"அந்த டீச்சரம்மாகிட்டப் போய் இருங்க. கூட்டிட்டுப் போகலாம்னு அவங்க எழுதட்டும். அப்போ வந்து கூப்பிடறேன்."

அதனால் வந்தார். முதல் நாளே டீச்சரிடம் கேட்டார்.

"இந்தச் சந்தேகம் என்னை விட்டு எப்போ போகும்?"

வேம்பு டீச்சர் உள்ளே போய் வந்தாள். ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு நாற்பது வயசு இருக்கும், இவருக்கு அறுபத்திரண்டு.

"இதுல இருக்கிறதை வெச்சு ஒரு வீடு கட்டுங்க."

டப்பாவைத் திறந்தார். ஒரு கட்டையின் நிறம் இன்னொன்றோடு சேரவில்லை. பச்சை ஓடு, மஞ்சள் சுவர், எங்கிருந்தோ வந்த ஒரு நீலக் கதவு.

"மிச்சம் மீதியை எனக்குத் தள்ளி விடறீங்களா?" என்றார்.

"ஆமா" என்றாள் டீச்சர்.

புகைக்கூண்டு காணாமல்போன அந்தத் திங்கட்கிழமையே, கஞ்சித் தட்டோடு அவளிடமே போய் நின்றார்.

"டீச்சர், இங்கே களவு நடக்குது."

"யாரு?"

"தெரியலை. கண்டுபிடிச்சிடுவேன்."

"சரி. வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ல புதுசா ஒரு ஆள் வருது. அதுக்கு முன்னாடி ஒரு பேரை எழுதிக் கொடுங்க. அந்த ஆளை அதே பஸ்ல அனுப்பிடறேன்."

"நிஜமாவா?"

"அன்னைக்கே உங்க மகனுக்கும் கடிதம் எழுதிடறேன்."

"என்னன்னு?"

"அப்பாவைக் கூட்டிட்டுப் போங்கன்னு."

தணிகாசலம் கஞ்சித் தட்டைக் கீழே வைத்தார். ஒரே ஒரு பேர். பேரன் இதற்குள் நடக்க ஆரம்பித்திருப்பான்.

செவ்வாய்க்கிழமை மொய்தீன் பாய் வீட்டு ஜன்னலைக் காணோம். மொய்தீன் பாய் குடை ரிப்பேர் செய்கிறவர், எழுபது தாண்டியவர். வீட்டுக்காரரே பதறவில்லை என்பதுதான் தணிகாசலத்தை உறுத்தியது.

"பாய், உங்க ஜன்னல் போயிடுச்சு."

"போச்சா? காத்து நல்லா வரும்."

இதெல்லாம் ஒரு பதிலா? டிக்கெட் எடுக்காதவன்தான் ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு ரசித்துப் பார்ப்பான், ஜென்மத்தில் மரத்தையே பார்க்காதவன் மாதிரி. பாயும் அப்படித்தான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே தணிகாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய், உடைந்த செருப்பைக்கூடப் பிடித்து நிறுத்தும் பசை ஒரு ட்யூப் வாங்கி வந்தார். தன் வீட்டைக் கட்டை கட்டையாகக் கழற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு சொட்டு விட்டு, திரும்பக் கட்டினார். நீலக் கதவுக்கு மட்டும் நாலு சொட்டு. கடைசியில் வீட்டை மேடையோடு சேர்த்து ஒட்டினார். இனி எவன் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை எசக்கியின் லாரி ஷெட்டில் ஒரு சுவர் இல்லை. எசக்கி முன்னாள் லாரி டிரைவர். ஒரு விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடாதவன்.

"சவரியம்மா வீடு, பாய் வீடு, என் ஷெட்டு" என்று அவன் விரல் மடக்கினான். "எல்லார் வீட்லயும் போயிருக்கு. உங்க வீட்ல மட்டும் ஒண்ணும் போகலை, அண்ணாச்சி."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்லை. செக்கர்கிட்ட யாரு டிக்கெட் கேக்கிறது?"

சவரியம்மா இதற்கு மட்டும் சிரித்தாள். தணிகாசலத்துக்குக் காது சுட்டது. தன் மேலேயே பழி திரும்புகிறது. கோபத்தில் நேராக மொய்தீன் பாயிடம் போனார். பாயின் கைப்பை, குறடும் கம்பியுமாக, எப்போதும் மடியிலேயே இருக்கும். ஒரு ஜன்னல் என்ன, ஒரு தெருவையே அதில் ஒளித்துவிடலாம்.

"பாய், அந்தப் பையில என்ன?"

பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையைத் தானே கவிழ்த்தார். குறடு, குடைக் கம்பிகள், நூல்கண்டு, ஒரு மூக்குப்பொடி டப்பா. டப்பாவையும் திறந்து காட்டினார். பையை வெளிப்புறமாகத் திருப்பி உதறினார்.

"உள்துணியைப் பிரிக்கணுமா, தணிகாசலம்? ஊசி இருக்கு, அப்புறம் தைச்சுக்கிடுவேன்."

இந்திராணியும் இப்படித்தான் உதறினாள். அந்த நினைப்பு வந்ததுமே தணிகாசலம் அதைத் தள்ளிவிட்டார். உத்தமன்தான் உதறுவான் என்று என்ன சட்டம்? வேறு இடத்தில் ஒளித்து வைத்தவனும் உதறுவான்.

வியாழக்கிழமை. கையில் இருந்தது ஒரு நாள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஒரு மணி நேரம் படுப்பார்கள். தணிகாசலமும் படுத்தார், குறட்டைகூட விட்டுக் காட்டினார். பிறகு எழுந்துபோய்க் கிராமம் இருந்த கூடத்தில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். எலிப் புழுக்கை நாறியது. ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில் மேடை மேல் பட்டு, வீடுகள் பளபளத்தன.

முதலில் மொய்தீன் பாய் வந்தார். அப்படிப் போடு என்று நினைத்துக்கொண்டார் தணிகாசலம்.

பாய் தன் வீட்டு முன்னால் குனிந்தார். படிக்கட்டில் ஒரு கட்டையைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைத் துடைத்துப் பார்த்தார். கூடத்து வாசலருகே ஆணியில் தொங்கிய துணிப்பைக்குள் கையை விட்டார். உள்ளே டப்பாவில் கட்டை விழும் சத்தம் கேட்டது. போய்விட்டார்.

தன் வீட்டிலேயே திருடுகிறவனைத் தணிகாசலம் எந்த பஸ்ஸிலும் பார்த்ததில்லை.

அடுத்து சவரியம்மா. அவளும் தன் வீட்டில்தான் கைவைத்தாள். ஓட்டில் ஒன்று. டப்பாவில் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். எசக்கி வந்தான். ஷெட்டில் மிச்சமிருந்த சுவர்களில் எதை எடுப்பது என்று யோசித்தான். கடைசியில் நல்ல சுவராகப் பார்த்து எடுத்தான்.

கடைசியாக வேம்பு டீச்சர் வந்தாள். தெரு முனையில், நாலே கட்டையில், ஒரு திண்ணை மாதிரி ஏதோ இருக்கும். கிணற்றைக் கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்றுதான் தணிகாசலம் இத்தனை நாளும் நினைத்திருந்தார். டீச்சர் அதில் ஒன்றை எடுத்தாள். அதுதான் அவளுடைய வீடு. மூன்று கட்டை மிச்சம்.

கூடம் காலியானதும் அவர் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தார். அதே பிஸ்கட் டப்பா. புகைக்கூண்டு, ஜன்னல், படி, ஓடு. ஒன்றின் நிறம் இன்னொன்றோடு சேரவில்லை. நாளைக்கு வருகிற ஆளுக்கு இது வீடு.

பதினாலு வருஷமாக வீடு கூடிக்கொண்டே போகிறது, கட்டை அதே இரண்டு சாக்குதான். ஆள் ஏற ஏற டிக்கெட் கட்டு குறையவேயில்லை என்றால் எந்த கண்டக்டரையும் இறக்கி விசாரித்திருப்பார். இதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை. புதிதாக வந்தவரிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள். அவரவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அது அந்த இடத்து வழக்கம்.

தணிகாசலம் தன் வீட்டு முன்னால் போய் நின்றார். அந்த மேடையில் ஒரு கட்டைகூடக் குறையாத வீடு அது ஒன்றுதான். நீலக் கதவைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. ஓட்டை இழுத்தார். நகம் பெயர்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். பலகையே ஆடி, பள்ளிவாசல் மினார் சரிந்து, பக்கத்து வீடுகள் கடகடவென்று நடுங்கின. அவருடைய வீடு மட்டும் கல் மாதிரி நின்றது.

இதுவும் ஒரு செக்கிங்தானா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மூட்டைக்குப் பின்னால் நான் இருப்பேன் என்று தெரிந்தே எல்லோரும் நடித்தார்களோ? தோன்றத்தான் செய்தது. மினாரை நிமிர்த்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் தணிகாசலம் மொய்தீன் பாய் முன்னால் போய் நின்றார்.

"என்ன, தணிகாசலம்?"

"குறடு வேணும், பாய்."

பாய் குடையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பையில கிடக்கு. நீங்களே எடுத்துக்கிடுங்க. உங்களுக்குத் தெரியாத பையா?"

எதற்கு என்று பாய் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

குறடு போட்டு நீலக் கதவை முறுக்கினார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் படக் என்று வந்தது. பாதிக் கதவு. மறு பாதி சுவரிலேயே நின்றுவிட்டது.

பின்னால் டீச்சர் நின்றிருந்தாள். ஒரு கையில் டப்பா, மூடி திறந்து. மறு கையில் ஒரு பேனா, ஒரு துண்டுத் தாள், மகனுக்கு எழுத ஒரு இன்லண்ட் கவர். எல்லாவற்றையும் மேடை ஓரத்தில் வைத்தாள்.

"பேர்?"

தணிகாசலம் பாதிக் கதவை உள்ளங்கையில் மறைத்தார்.

"டீச்சர், இந்த நீலக் கதவு யார் வீட்டுது?"

"உங்க வீட்டுது."

"அதுக்கு முன்னாடி?"

"யாரும் சொல்லலை. நானும் கேக்கலை."

வெளியே சவரியம்மா யாரையோ வையும் சத்தம் கேட்டது. கோழி ஏதோ உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

"என் வீட்ல ஒண்ணும் கழலலை, டீச்சர். பசை போட்டு ஒட்டிட்டேன்."

டீச்சர் அந்த வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க. இனிமே இந்த வீட்ல இருந்து எதுவும் காணாமப் போகாது."

தணிகாசலம் சுவரில் நின்றுவிட்ட மறு பாதியை விரலால் தடவினார்.

தூரத்தில், வளைவில், பஸ் ஹாரன் கேட்டது. டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பேரை எழுதுங்க. எழுதிட்டு டப்பாவை மூடி வைங்க. ஆள் வந்தாச்சு."

அவர் எழுதவில்லை. பாதிக் கதவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டப்பாவையும் மூடவில்லை.